ஊர் மக்களே "தோண்டலாம்" என்று கை தூக்கினால்? கொள்கை அறிக்கை எழுதுகிறோம், யோசனை வேண்டும்

ஓடைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு வருடமாக ஓர் அரசியல் கொள்கை அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். கட்சி என்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு மூன்று இடங்களில் நிற்கலாம் என்று பேச்சு வந்தது. அதற்கு முன்னால் எதற்காக நிற்கிறோம் என்பதை எழுதி வைத்துக்கொள்வோம் என்று தொடங்கினோம். மூன்று தலைப்புகள்: பொருளாதார நியாயம், உள்ளூர் ஜனநாயகம், சூழலைக் கெடுக்காத வாழ்க்கை. தட்டச்சு செய்வது நான்.

தனித்தனியாக எழுதியபோது ஒரு தடங்கலும் இல்லை. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான் முட்டியது.

ஒன்பதாவது பிரிவை இப்படி எழுதியிருந்தேன்: "காடு, மலை, ஆறு, மணல், கனிமம் குறித்த எந்த முடிவும் அந்தப் பகுதி மக்களின் ஒப்புதலோடு மட்டுமே எடுக்கப்படும்." இதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள் என்று நம்பினேன். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார். 22 வருடம் கல் குவாரியில் பாறையில் துளை போடும் வேலை பார்த்தவர். கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார். அன்று தாளை என்னிடமிருந்து வாங்கி, உதடு அசைய அந்த வரியைப் படித்து, "மட்டுமே" என்ற சொல்லின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். அந்த விரலில் நகம் கிடையாது. "சரிம்மா, எங்க ஆளுங்க எல்லாரும் சேந்து மலையை உடைக்கணும்னு கை தூக்கினா, நீ கையெழுத்துப் போடுவியா?" என்று கேட்டார்.

போடுவேன் என்றால் மூன்றாவது தலைப்பைக் கிழித்துவிடலாம். போடமாட்டேன் என்றால் இரண்டாவது பொய். எனக்கு வாய் வரவில்லை. கூட்டம் அதோடு கலைந்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். நான் மனதில் வைத்துக்கொண்டு எழுதியது நியமகிரியை. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வரலாமா என்பதைக் கிராமசபைகளே பேசி முடிவெடுக்கட்டும் என்றது. ஒடிசாவில் அந்த மலையைச் சுற்றியிருந்த 12 கிராமசபைகள் கூடின. 12-ம் வேண்டாம் என்றன. இது எனக்கு மனப்பாடம். ஆனால் தென் அமெரிக்காவின் எக்வடோரில் 2023 ஆகஸ்ட் 20 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பைப் பற்றி அப்போதுதான் விவரமாகப் படித்தேன். யசுனி காட்டுக்கு அடியில் இருக்கும் எண்ணெயை எடுக்காமல் விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு, நாடு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 59 சதவீதம் பேர் விட்டுவிடலாம் என்றார்கள். ஆனால் எண்ணெய் வேலையை நம்பியிருக்கும் ஒரெயானா, சுகும்பியோஸ் மாகாணங்களில் பெரும்பான்மை வாக்கு எடுக்கச் சொல்லித்தான் விழுந்தது. அதே வட்டாரத்தில் வாழும் வவோரானி பழங்குடிகளில் பலர் எடுக்கக் கூடாது என்று முன்னால் நின்று பிரசாரம் செய்தவர்கள்.

அப்படியென்றால் அங்கே "அந்தப் பகுதி மக்கள்" யார்? என் ஒன்பதாவது பிரிவு யசுனியில் எண்ணெய் எடுக்கச் சொல்லியிருக்கும். நான் ஜனநாயகம் என்று நம்பி எழுதிய வரி அது.

என் கேள்வி இதுதான். இந்த மூன்றும் முட்டிக்கொள்ளும்போது எதை முன்னால் வைப்பது? "மட்டுமே" என்ற சொல்லை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? தத்துவமாகச் சொல்வதைவிட, எங்காவது நடைமுறையில் இருந்ததைச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது.


மேய்ச்சல்நிலம்

தோழர், "மட்டுமே"வை எடுக்காதீர்கள். எடுத்தால் அடுத்த நாளே மேலிருந்து ஓர் ஆணை வந்து உட்காரும். உங்கள் வரியில் திருத்த வேண்டியது "அந்தப் பகுதி மக்கள்" என்ற சொற்களை.

பொதுவளங்களை மக்களே ஆண்ட இடங்களை எலினோர் ஆஸ்ட்ரம் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண். அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் எனக்குப் பிடித்தது சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமம். அங்கே 1517-ல் எழுதிய ஒரு விதி: குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்கு உன்னால் தீனி போட முடியுமோ, அத்தனை மாடுகளைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். ஒரே வரி. கோடையில் வெளியிலிருந்து ஐம்பது மாடு ஓட்டி வந்து, பொதுப்புல்லில் கொழுக்க வைத்து விற்றுவிட்டுப் போகும் வியாபாரத்துக்கு அதில் இடமில்லை. பனியிலும் அங்கேயே கிடந்து மாட்டுக்கு வைக்கோல் போடுகிறவன்தான் புல்லுக்கு உரிமைக்காரன். பொருளாதார நியாயம், உள்ளூர் ஆட்சி, சூழல் என்று நீங்கள் மூன்று தலைப்பாக எழுதியதை அவர்கள் ஒரு வரியில் எழுதி, ஐந்நூறு வருடம் தாண்டியும் மேய்ச்சல் நிலத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

குவாரிக்கும் அதே அளவுகோல்தான். கல் எங்கே போகிறது, பணம் எங்கே போகிறது, குழி யாரோடு இருக்கிறது? குழியோடு வாழப்போகிறவர்தான் வாக்குரிமைக்காரர். குத்தகைக்காரரும் அவர் அழைத்து வந்த ஆட்களும் ஐந்து வருடத்தில் போய்விடுவார்கள். உங்கள் பெரியவர் போகமாட்டார். அவர் நகத்தையே அங்கே விட்டுவிட்டு வந்தவர்.

இன்னொன்று. உள்ளூர் மக்கள் என்றால் உணர்ச்சிவசப்படுவார்கள், அறிவியல் தெரியாது என்று பேசுகிறவர்களுக்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கதையைச் சொல்லுங்கள். 1980-களில் கரையோரச் சிறு மீனவர்கள், காட் (cod) என்ற மீன் குறைகிறது, கிடைப்பதும் சிறுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அரசின் கணக்கு ஆழ்கடல் இழுவைக் கப்பல்கள் பிடித்து வந்ததைப் பார்த்து, மீன் நிறைய இருக்கிறது என்றது. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடிப்பையே நிறுத்தவேண்டி வந்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருடத்துக்கு என்று அறிவித்த தடை முப்பது வருடத்துக்கு மேல் நீடித்தது. அங்கே உள்ளூர்க்காரன் பேச்சைக் கேட்டிருந்தால் மீனும் பிழைத்திருக்கும், பிழைப்பும் இருந்திருக்கும்.


கடைமடை

மேய்ச்சல்நிலம் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதியை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நான் ஆற்றின் கடைசியில் இருப்பவன். மேலே மணல் அள்ளுவதற்கு அந்த ஊர்க்காரர்கள் கூடி முடிவெடுத்தார்கள். முறைப்படி கூடினார்கள், முறைப்படி கை தூக்கினார்கள். அவர்கள் யாரும் வெளியாள் இல்லை, குளிருக்கும் மழைக்கும் அங்கேயே இருப்பவர்கள்தான். ஆற்றுப்படுகை இறங்க இறங்க எங்கள் வாய்க்கால் தலைப்பு மேலே தொங்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் கீழே ஓடுகிறது, மதகு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அந்த மதகின் அடிக்கல்லை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, எப்போதும் தண்ணீருக்குள் இருந்த கல் அது. எங்களை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் நாங்கள் "அந்தப் பகுதி மக்கள்" இல்லை.

அதனால் என் யோசனை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஊருக்கு முழுசாக இருக்கட்டும், அதை யாரும் மேலிருந்து மாற்றக் கூடாது. சரி என்று சொல்வதற்கு ஊர் மட்டும் போதாது. தண்ணீர், காற்று, தூசி எதுவரை போகிறதோ அதுவரை இருப்பவர்கள் எல்லோரும் சரி என்று சொல்லவேண்டும். வேண்டாம் என்ற முடிவை அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். உடைத்த மலையைத் திரும்ப ஒட்ட முடியாது. திரும்பப் பெற முடியாத முடிவுக்கும் பெறக்கூடிய முடிவுக்கும் ஒரே வாக்கு முறை எப்படிப் பொருந்தும்?

ஸ்பெயினில் வலென்சியா நகரத்துத் தண்ணீர் நீதிமன்றத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் பேராலய வாசலில் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களுக்கும் ஆளுக்கொருவர், எல்லோரும் விவசாயிகள் தேர்ந்தெடுத்த விவசாயிகள். வழக்கு முழுக்க வாய்ப்பேச்சில் நடந்து அங்கேயே தீர்ப்பாகிறது. 2009-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாக ஏற்றது. அந்த அமைப்பு ஊர் எல்லையைப் பார்ப்பதில்லை, தண்ணீர் எல்லையைப் பார்க்கிறது. உங்கள் அறிக்கையிலும் அப்படி வந்தால் என்னைப் போன்றவனுக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும்.


ஓடைக்கரை

கடைமடை அண்ணா, மதகின் அடிக்கல்லைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்து எங்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும். வேண்டாம் என்பதற்கு ஒரு முறை, சரி என்பதற்கு வேறு முறை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரே ஒரு உறுத்தல். இதைப் பெரியவரிடம் கொண்டுபோனால், "அப்போ எங்க 'சரி'க்கு மதிப்பில்ல, 'வேண்டாம்'னு சொன்னாத்தான் கேப்பீங்க" என்று சொல்வார். அவர் சொல்வது தப்பும் இல்லை. குவாரியை மூடினால் அவரோடு வேலை பார்த்த நாற்பது குடும்பம் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் அறிக்கையில் இப்போது இருப்பது "மாற்று வாழ்வாதாரம் ஏற்படுத்தித் தரப்படும்" என்ற ஒரு வரி. அந்த வரியை எழுதியதும் நான்தான். யார் ஏற்படுத்துவார்கள், எப்போது, எந்தப் பணத்தில் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.


பழைய உறுப்பினர்

சகோதரி, இரண்டு முறை உள்ளாட்சி மன்றத்தில் உறுப்பினராக இருந்திருக்கிறேன். எந்த மன்றம் என்பது வேண்டாம். உங்கள் அறிக்கையில் ஜனநாயகத்தைப் பற்றி எத்தனை பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. அதில் பணத்தைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

நான் கலந்துகொண்ட முதல் கூட்டத்தைச் சொல்கிறேன். காலை பத்தரைக்குக் கூட்டம். உள்ளே போனதும் ஓர் ஊழியர் தீர்மானப் புத்தகத்தை நீட்டினார், கையெழுத்துப் போடச் சொன்னார். வருகைப் பதிவு என்று நினைத்துப் போட்டேன். பக்கத்தைத் திருப்பினால் அன்றைய 31 பொருளுக்கும் தீர்மானம் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் "விவாதித்து ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது". மை காய்ந்திருந்தது. நாங்கள் இன்னும் நாற்காலியில் உட்காரவே இல்லை. 31-ல் 27 மேலிடத்துத் திட்டங்கள், இத்தனை பணம் இந்த வேலைக்கு, மாற்றக்கூடாது என்று ஒட்டி வந்தவை. எங்கள் மன்றமே யோசித்துச் செலவு செய்யக்கூடியது தெருவிளக்கு பல்பும் குழாய் ரிப்பேரும். பத்து வருடத்தில் நான் எதற்காவது சண்டை போட்டு ஜெயித்தேன் என்றால் அது இரண்டு தெருவுக்குக் கழிவுநீர்க் குழாய், அவ்வளவுதான்.

கையில் பணம் இல்லாத ஊரிடம் போய் மலையை உடைக்கலாமா என்று கேட்பது பசியோடு இருப்பவனிடம் பேரம் பேசுவது. குவாரிக்காரர் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கட்டித் தருகிறேன் என்பார். சுவர் நிஜமாகவே தேவை. கை தூக்குவார்கள். அந்தக் கையை மக்களின் விருப்பம் என்று நான் எண்ணமாட்டேன்.

பணம் முதலில் போனால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு நல்ல உதாரணம். கேரளாவில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று முதலிலேயே அறிவித்தார்கள். திறமை வரட்டும், அப்புறம் பணம் தருகிறோம் என்று காத்திருக்கவில்லை. பணம் வரும் என்று தெரிந்ததும் கிராமசபைக்குக் கூட்டம் வந்தது, தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே அறிக்கை எழுதினார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் திட்ட மதிப்பீட்டைச் சரிபார்க்க வந்து உட்கார்ந்தார்கள்.

இன்னொன்று பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே. 1989-ல் நகரத்தின் முதலீட்டுப் பணத்தை எங்கே செலவழிப்பது என்று குடியிருப்போரே கூடி முடிவு செய்யத் தொடங்கினார்கள். நன்றாகக் கவனியுங்கள், அங்கே கை தூக்குவதோடு ஒரு கணக்கும் இருந்தது. எந்தப் பகுதியில் ஆள் அதிகம், எந்தப் பகுதியில் வசதி குறைவு, மக்கள் எதை முதலில் கேட்டார்கள் என்று மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுப் பணத்தைப் பிரித்தார்கள். இல்லாத இடத்துக்கு அதிகம் போகும்படி விதியிலேயே இருந்தது. 1988-ல் குடிநீர், கழிவுநீர் இணைப்பு 75 சதவீத வீடுகளுக்கு இருந்தது, 1997-ல் 98 சதவீதம். உங்கள் முதல் தலைப்பும் இரண்டாவது தலைப்பும் அங்கே ஒரே தாளில் இருக்கின்றன.

அதே ஊரில் 2017-ல் அதை நிறுத்தியும் விட்டார்கள். ஆட்சி மாறியது, நிதி சுருங்கியது, சட்டத்தில் ஆழமாக வேர் விடவில்லை. ஆகவே எவ்வளவு சதவீதம், எந்தச் சட்டத்தில், எந்தத் தேதிக்குள் ஊரின் கணக்குக்கு வரும் என்று எழுதுங்கள். "அதிகாரப் பரவலாக்கம்" என்ற சொல்லை எந்தக் கட்சிதான் எழுதவில்லை?


கணக்கு நோட்டு

மூடுவதற்கு யார் பணம் கொடுப்பது என்று ஓடைக்கரை கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள், எனக்கு அதுதான் தெரியும்.

யசுனியின் முன்கதையை விட்டுவிட்டீர்கள். 2007-ல் எக்வடோர் அரசு உலகத்திடம் ஒரு பேரம் வைத்தது: எண்ணெயை எடுக்காமல் விடுகிறோம், அதன் மதிப்பில் ஏறக்குறையப் பாதியான 360 கோடி டாலரை நீங்கள் எல்லோரும் சேர்ந்து தாருங்கள். காடு உலகத்துக்கே பயன், இழப்பு எங்களுக்கு மட்டும் என்பது ஏன் என்றார்கள். நியாயமான கேள்வி. உலகம் கொடுத்தது அதில் ஒரு துளி. 2013-ல் திட்டத்தைக் கைவிட்டு எண்ணெய் எடுக்கப் போனார்கள். எண்ணெய் வேலை இல்லாமல் பிழைக்கலாம் என்பதற்கு அந்த மாகாணத்து மக்கள் கையில் ஒரு காசு கூட வந்து சேரவில்லை. அவர்கள் எடுக்கச் சொல்லி வாக்களித்ததைக் காடு மேல் அக்கறை இல்லாத பேச்சாகப் படிக்க என்னால் முடியவில்லை.

பிரான்சில் எரிபொருள் வரியை ஏற்றியபோது நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018 நவம்பர் 17 அன்று மஞ்சள் சட்டை போட்ட போராட்டக்காரர்கள் சாலைச் சந்திகளில் இறங்கினார்கள், டிசம்பரில் அரசு பின்வாங்கியது. அதே 2018 தொடக்கத்தில்தான் பணக்காரர்களின் சொத்து வரியில் பெரும்பகுதியை நீக்கியிருந்தார்கள். வேலைக்குப் போக முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறவனிடம் பூமியைக் காப்பாற்று என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு, பங்குப் பத்திரம் வைத்திருப்பவனை விட்டுவிட்டால், அவன் பூமி மேலேயே கோபப்படுவான்.

சுவிட்சர்லாந்தில் இரண்டு வாக்கெடுப்பை அருகருகே வைத்துப் பாருங்கள். 2021 ஜூன் 13: கட்டணங்களை உயர்த்தும் பருவநிலைச் சட்டத்தை 51.6 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2023 ஜூன் 18: 2050-க்குள் பூமியைச் சூடாக்கும் வாயு உமிழ்வை நிகர பூஜ்யத்துக்கு (வெளியே விடுவதும் திரும்ப உறிஞ்சுவதும் சமம்) கொண்டுவரும் சட்டத்தை 59.1 சதவீதம் பேர் ஏற்றார்கள். அதே மக்கள், இரண்டு வருட இடைவெளி. இரண்டாவது சட்டத்தில் புது வரி இல்லை, பழைய எண்ணெய், எரிவாயு ஹீட்டரை மாற்றுகிறவர்களுக்குப் பத்து வருடத்தில் 200 கோடி பிராங்க் உதவி என்று எழுதியிருந்தது. முதல் தாளில் கொடுக்கவேண்டியது பளிச்சென்று தெரிந்தது, இரண்டாவது தாளில் கிடைக்கப்போவது தெரிந்தது.

திருப்பிக் கொடுப்பதையும் கண்ணில் படும்படி கொடுக்கவேண்டும். சுவிட்சர்லாந்து 2008-லிருந்து எரிபொருள் மேல் வசூலிக்கும் கார்பன் கட்டணத்தில் மக்களுக்குரிய பங்கை மருத்துவக் காப்பீட்டு பில்லில் கழித்துக் கொடுக்கிறது, பலருக்கு அது தெரிவதே இல்லை. கனடாவிலும் 2019-லிருந்து, மத்திய அரசின் கார்பன் கட்டணம் இருந்த மாகாணங்களில், குடும்பங்களுக்குப் பணம் திரும்ப வந்தது. வங்கிக் கணக்கில் எதற்கு வந்தது என்று புரியாத ஒரு வரியாக வந்தது. பெட்ரோல் நிலையத்தில் விலை மட்டும் ஒவ்வொரு முறையும் முகத்தில் அடித்தது. 2025 ஏப்ரல் 1 அன்று மக்கள் மீதான அந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள்.

மாறாக, அலாஸ்காவில் எண்ணெய் வருமானத்திலிருந்து 1982-ல் ஆளுக்கு 1,000 டாலர் காசோலை வீட்டுக்கு வந்தது. அதில் கை வைக்க அரசியல்வாதிகள் பல வருடம் பயந்தார்கள், 2016-ல்தான் ஓர் ஆளுநர் தொகையைக் குறைத்தார். (அது எண்ணெய்ப் பணம் என்பதால் இன்னும் தோண்டு என்ற ஆசையையும் வளர்க்கிறது. அதை உங்கள் அறிக்கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம், காசோலை வந்த விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

குவாரிப் பெரியவருக்கு நேரடியாக ஒரு உதாரணம்: ஸ்பெயின், 2018 அக்டோபர். நிலக்கரிச் சுரங்கங்களில் பெரும்பாலானவற்றை மூடும் முன் அரசு தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது. 25 கோடி யூரோ. 48 வயது தாண்டியவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம், இளையவர்களுக்குச் சுரங்க நிலத்தைச் சீர்செய்வதில் வேலை. கையெழுத்து முதலில், பூட்டு அப்புறம்.


மேய்ச்சல்நிலம்

கடைமடை சொன்னதை ஏற்கிறேன். டோர்பெல்லின் புல் பக்கத்து ஊருக்கு ஓடாது, ஆறு ஓடும். அந்த வித்தியாசத்தை நான் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

கணக்கு நோட்டு அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இழப்பீடு மட்டும் போதாது, புதிதாக வருவதில் உடைமையும் வேண்டும். டென்மார்க்கின் கோபன்ஹேகன் கடற்கரையை ஒட்டிய கடலில் மிடெல்குருண்டன் என்று 20 காற்றாலைகள், 2000-ல் வந்தவை. அதில் பாதி, 8,500-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் பங்கு போட்ட கூட்டுறவுக்குச் சொந்தம். நகரத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் சுற்றுகின்றன. பங்குதாரருக்கு அது தன்னுடைய இறக்கை. வெளியாள் கொண்டுவந்து நட்டிருந்தால் அதே இறக்கைக்கு நிழல் விழுகிறது, சத்தம் கேட்கிறது என்று வழக்குப் போட்டிருப்பார்கள்.


ஓடைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டம் நடந்தது, என்ன ஆனது என்று சொல்லவேண்டும் அல்லவா.

எதை முன்னால் வைப்பது என்று கேட்டிருந்தேன். நீங்கள் எழுதியதையெல்லாம் படித்த பிறகு, நான் மூன்று தலைப்பையும் மூன்று பேர் மாதிரி வரிசையில் நிற்க வைத்திருந்தது புரிந்தது. தலைப்புகளையே எடுத்துவிட்டோம். ஒன்பதாவது பிரிவை வேலை நடக்கும் வரிசையில் எழுதினோம். முதலில், இந்த முடிவால் யார் எதை இழப்பார்கள் என்ற பட்டியல், பெயரோடும் தொகையோடும், ஊர் நடுவில் ஒரு மாதம் ஒட்டியிருக்கவேண்டும். மூடினால் இழப்பவர்களும் அதில் உண்டு, திறந்தால் இழப்பவர்களும் உண்டு. அப்புறம், மூடினால் கொடுக்கவேண்டிய பணம் வாக்கெடுப்புக்கு முன்பே தனிக் கணக்கில் இருக்கவேண்டும். அந்தப் பணம் எங்கள் பகுதியிலிருந்து ஏற்கெனவே வெளியே போன கனிமத்தின் உரிமைத் தொகையிலிருந்து வரும். அதற்கும் அப்புறம்தான் வாக்கெடுப்பு. வேண்டாம் என்று ஊர் சொன்னால் அது இறுதி. சரி என்று சொன்னால், நீரும் தூசியும் போகும் இடம் வரை உள்ள எல்லா ஊரும் சரி என்று சொல்லவேண்டும். உள்ளாட்சிக்கு வரும் நிதியில் எத்தனை சதவீதத்துக்கு மேலிடம் நிபந்தனை போடக்கூடாது என்பதை எட்டாவது பிரிவில் தேதியோடு சேர்த்திருக்கிறோம். பழைய உறுப்பினர் சொன்னது போலப் பணம் பற்றிய வரிகளை எண்ணிப் பார்த்தேன். பதினான்கு பக்கத்தில் மூன்று வரி இருந்தது. இப்போது இரண்டு பக்கம்.

இதில் எல்லோருக்கும் சம்மதம் இல்லை. இரண்டு பேர், எல்லா ஊரும் சரி என்று சொல்லவேண்டும் என்றால் எதுவுமே நடக்காது, ரோட்டுக்குக் கூடக் கல் கிடைக்காது என்றார்கள். அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. கீழ் ஊர்களுக்கு முழு மறுப்புரிமையா, இல்லை மூன்றில் இரண்டு பங்கா என்பது இன்னும் தீரவில்லை. கடைமடை அண்ணா, இதற்கு உங்கள் பதில் எனக்குக் கட்டாயம் வேண்டும்.

பெரியவர் கடைசி வரை பேசவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலி மடக்கும்போது என்னிடமிருந்து தாளையும் பேனாவையும் வாங்கினார். "மூடினால் இழப்பீடு வழங்கப்படும்" என்ற இடத்தில் "இழப்பீடு" என்பதை நிதானமாக ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே "மாதச் சம்பளம், மலையைச் சரிசெய்கிற வேலைக்கு" என்று எழுதினார். "பாறை எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

அந்தத் திருத்தத்தோடு இன்று காலை தட்டச்சு செய்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன்.